வளவுக்குள் ஏர்கன்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் பேத்தி

அய்யாவின் சாந்திக்காக (வயது நிறைவு விழா) எங்கள் செட்டிநாட்டு வீட்டைத் திறந்தோம். இரண்டாம் கட்டு முழுவதும் புறா எச்சம். பூட்டிக் கிடக்கிற வீடு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள் பேசி ஏர்கன் ஒன்று வாங்கிவிட்டார்கள். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த அயித்தான்தான் சுட்டார். சில புறாக்கள் விழுந்தன. அதுவரை எனக்கும் சம்மதம்தான்.

பிறகு, முற்றத்து ஓட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு மைனாவைச் சுட்டார். கல்தரையில் விழுந்த பிறகும் அதன் கால்கள் நடப்பதைப் போலவே அசைந்துகொண்டிருந்தன. கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் தோல் மட்டும் பளிச்சென்று இருந்தது. இறக்கைக்கு அடியில் மிளகளவு ஓட்டை. ஜோடி மைனா ஓட்டின் மேல் அங்குமிங்கும் ஓடிக் கத்தியது.

அயித்தான் கொடுமைக்காரர் அல்லர். “எங்கள் ஊரில் இது மற்றப் பறவைகளின் கூட்டில் புகுந்து முட்டையை உடைத்துவிடும். தோட்டம் வைத்திருப்பவர்கள் சுடுவார்கள்” என்றார். அவர் சொன்னது உண்மை. உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று 2000-இல் வெளியான பட்டியலில் பறவைகள் மூன்றுதான். ஒன்று மைனா. இன்னொன்று நம் கொல்லையில் பழம் கொத்தும் கொண்டைக்குருவி. ஆனால் இரண்டுக்கும் சொந்த ஊர் இதுவாயிற்றே! அப்பத்தா வாசல்படியில் நின்றபடி, “அது எங்கிருந்தும் வரவில்லை அப்பச்சி, நீதான் வந்திருக்கிறாய்” என்றார்கள். அயித்தான் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாந்தி முடியும்வரை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தேவகோட்டை மருமகன்

மைனாவை விடுங்கள், புறாவைச் சுட்டதே தவறு. எங்கள் மாமனார் வீட்டில் கல்யாணத்துக்கு முன்பு இதே வேலையைச் செய்தார்கள். அடிபட்ட புறா ஒன்று மேல் மச்சின் மரச்சட்டங்களுக்கு நடுவே போய் ஒடுங்கிக்கொண்டது. ஏணி எட்டவில்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்று கூடத்துப் பட்டாலையில் பிண நாற்றம். சாம்பிராணி போடப் போட இன்னும் மோசமானது. தேக்குத் தூணில் பதிந்த ஈயக்குண்டு இன்றும் அப்படியே இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தூண் அது.

கிள்ளான்வாசி (சொந்த ஊர் பள்ளத்தூர்)

எனக்குக் காகம். இங்கே மலேசியாவில், கிள்ளானில் காகம் வந்தேறிதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக, நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பிறகு ஊரெல்லாம் பெருகியதும், நகராட்சியே ஆள் வைத்துச் சுட்டது. ஏர்கன் இல்லை, தோட்டாத் துப்பாக்கி. அமாவாசையன்று மதில்மேல் சோறு வைத்து, “கா கா” என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், தெருமுனையில் வெடிச் சத்தம். நான் வைத்த சோற்றைத் தின்ன வந்த காகம் சாக்கடையோரம் கிடந்தது. ஒரு பருக்கை அலகிலேயே ஒட்டியிருந்தது. சுட்டவருக்கு அது வேலை. நான் மறைந்த அப்பச்சியை, என் அப்பாவை, நினைத்துக் கூப்பிட்டேன். யாரைக் குறை சொல்வது?

புதுவயல் வாசகர்

தேவகோட்டை அண்ணனோடு முழுவதும் உடன்பட முடியாது. பூட்டிய வீட்டில் புறாவை விட்டுவைத்தால் கூரை போய்விடும், எச்சத் தூசியால் நுரையீரலும் போய்விடும். கானாடுகாத்தான் பேத்திக்கு ஒன்று சொல்கிறேன்: மைனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பறவை. 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னுக்கு உரிமம் கேட்பதில்லை என்பதால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிடாது.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு கூகை ஆந்தை குடியிருந்தது. பக்கத்து வீட்டில் ஏர்கன் வாங்கிய பிறகு ஒரு காலையில் அது கொல்லையில் தலை கவிழ்ந்து, இறக்கை தொங்க நின்றது. பக்கத்தில் போனேன், பறக்கவில்லை. மாலையில் செத்துவிட்டது. குண்டுக் காயம் எதுவும் இல்லை. ஈயக்குண்டு பட்ட இரையைத் தின்றால் ஆந்தைக்கும் பருந்துக்கும் அந்த ஈயமே விஷம். எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

சுட்டுப் புறாவைக் குறைக்கவே முடியாது. ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாளில் குஞ்சு, ஆண்டு முழுவதும் அடை. பத்து செத்தால் அந்த இடத்துக்கு வேறு பத்து வரும். இடத்தை அடைக்க வேண்டும். முற்றத்துக்கு மேலே நைலான் வலை கட்டுங்கள். புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும், சிட்டுக்குருவி நுழைந்து போகும். கட்டுவதற்கு முன் மூலை முடுக்கெல்லாம் கூடு பாருங்கள். குஞ்சு உள்ளே சிக்கினால் தாய் வெளியே முட்டி மோதும், தேவகோட்டையில் வந்த நாற்றம் உங்கள் வீட்டிலும் வரும். தூண் தலைப்பில் சரிவாகப் பலகை அடித்துவிட்டால் புறாவால் உட்கார முடியாது. எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழியுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கும் முகக்கவசம் கொடுங்கள். பக்கத்தில் யாராவது புறாவுக்குத் தானியம் இறைத்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

திருப்பத்தூர் பக்கத்துக்காரி

புதுவயல்காரர் சட்டம் சொல்கிறார். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஊரையொட்டிய வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல்தான் வந்தது, அவர்கள் அதற்கு முன்பே பறவைகளைக் காத்துவந்தார்கள். பறவைகள் மிரளும் என்பதற்காக அங்கே தீபாவளிக்கே வெடி கிடையாது. அதற்குப் பக்கத்து ஊர்க் கண்மாயில் பார்த்தது இது: கரைமேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பையன் மடையான் கொக்குக்குக் குறி வைத்தான். ஆடு மேய்த்த பெரியம்மா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு நேராகப் போய்த் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார். “முதலில் என்னைச் சுடு, தம்பி” என்றார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மடையான் பறக்கக்கூட இல்லை.

புதுவயல் அண்ணன், அந்த 50 மில்லிமீட்டர் வலை காரைக்குடியில் கிடைக்கிறதா, மதுரைக்குப் போக வேண்டுமா? எங்கள் வீட்டு முற்றம் பெரியது, நடுவில் தொய்யாமல் இருக்கக் கம்பி இழுக்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.