சட்டைக்குள்ளே இரண்டு பனியன்: மார்பு வீக்கம் உள்ள ஆண்கள் யாராவது பேசுங்களேன்

கார்மேகம் (கேள்வி)

எனக்கு 26 வயது. எட்டாம் வகுப்பில் இரண்டு பக்கமும் மார்பு உப்ப ஆரம்பித்தது. "வளர்ற வயசு, தானா சரியாயிடும்" என்றார்கள். ஆகவில்லை. மற்றபடி நடுத்தர உடம்புதான்.

வெயில் காலத்திலும் இறுக்கமான பனியன் ஒன்று, அதன் மேல் இன்னொன்று, அப்புறம்தான் சட்டை. அதுவும் கட்டம் போட்டது, இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தது. பையின் வார் நெஞ்சுக்குக் குறுக்கே வராதபடி ஒரே தோளில் மாட்டுவேன். பைக் ஓட்டும்போது எதிர்காற்றில் சட்டை உடம்போடு ஒட்டும்; ஒரு கையால் இழுத்து விட்டுக்கொண்டே ஓட்டுவேன். நண்பர்கள் நீச்சலுக்குக் கூப்பிட்டால் காதுவலி என்பேன். கூன் போட்டு நடந்து நடந்து இப்போது முதுகு வலிக்கிறது.

பள்ளியில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. ஜிம்மில் சேர்ந்தேன். கை, தோள் எல்லாம் இறுகியது, இது மட்டும் போகவில்லை. வீட்டில் இப்போது கல்யாணப் பேச்சு வேறு. "உன்னை நீயே ஏற்றுக்கொள்" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சைக்கிள்

தம்பி, உனக்கு மூத்தவன் நான், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதே உடம்பு, அதே பனியன். சட்டையை இழுத்துவிடும் அந்தக் கை எனக்கு அத்துப்படி.

முதலில் உடம்பு விஷயம். இதற்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இரண்டின் சமநிலை கொஞ்ச காலம் ஆட்டம் காணும். அப்போது காம்புக்கு அடியில் உள்ள சுரப்பித் திசு வளரும். அந்த வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. பெரும்பாலோருக்கு 6 மாதத்திலிருந்து 2 ஆண்டுக்குள் வற்றிவிடும். வற்றாமல் நின்றுபோனவர்கள் நீயும் நானும். காம்புக்கு நேர் கீழே அழுத்திப் பார்த்தால் ரப்பர் வில்லை மாதிரி தட்டுப்படும், அதுதான் சுரப்பி. வெறும் கொழுப்பு என்றால் மெத்தென்று பரவலாக இருக்கும். எத்தனை தண்டால் எடுத்தாலும் சுரப்பி கரையாது. உன் உழைப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இன்றே விட்டுவிடு.

டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற சில மருந்துகள், தசை ஏற்ற ஜிம்களில் கைமாறும் அனபாலிக் ஸ்டீராய்டுகள், தைராய்டு, கல்லீரல் கோளாறுகள் எல்லாம் காரணமாகலாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பில் கசிவு, தோல் உள்வாங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அரிதுதான் என்றாலும் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

இனி மனசு. இரண்டு பனியனோடு வெளியே போகிறாய், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வருகிறாய். மனசு என்ன கணக்குப் போடும்? "பனியன்தான் காப்பாற்றியது" என்று. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால்தான் பயம் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறது. நான் பார்த்த மனநல ஆலோசகர் இந்த இடத்தைத்தான் பிடித்தார். குறைந்த பயத்திலிருந்து பெரிய பயம் வரை ஏறுவரிசையில் எழுதச் சொன்னார். என் பட்டியலில் அடியில் இருந்தது, வீட்டில் தனியாக இருக்கும்போது மெல்லிய டி-ஷர்ட். உச்சியில் நீச்சல் குளம். ஒரு படியில் படபடப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதியில் ஓடி வந்தால் பயம்தான் ஜெயிக்கும்.

நடுவில் ஒரு படி, பனியனே இல்லாமல் தெருமுனை வரை போய்க் குப்பை கொட்டுவது. கை தானாக நெஞ்சுக்கு வந்தது. வாளியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்தவர் வாளியைப் பார்த்து ஒதுங்கினார், என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்குப் போடக் கூச்சமான டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் சுமார் கால்வாசிதான். அந்தக் கால்வாசியை நான் மறைக்கவில்லை. சிலர் பார்ப்பார்கள், ஒருவர் கேட்டும்விடுவார். "ஹார்மோனால் வந்தது, அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

என் மார்பு எனக்குப் பிடித்துப்போனதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதைச் சுற்றியே நாளைத் திட்டமிடுவதில்லை. குளத்தில் இறங்குகிறேன்.

மணல்மேடு

நான் ஆபரேஷன் செய்துகொண்டவன். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. செய்துகொண்டால் தன்னை ஏற்கவில்லை என்று அர்த்தம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சு தட்டையான பிறகும் கை சட்டையை இழுத்துக்கொண்டுதான் இருந்தது, கூனும் போகவில்லை. மேலே அண்ணன் சொன்ன பட்டியலை நானும் செய்ய வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிவை அவசரத்தில் எடுக்காதீர்கள், தழும்பு, உணர்ச்சி குறைவது பற்றியெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாழம்பூ

தம்பி, கல்யாணம் என்று எழுதியதால் சொல்கிறேன். என் கணவருக்கும் இப்படித்தான். நிச்சயத்துக்கு முன்பே, கீழே பார்த்தபடி, திக்கித் திக்கிச் சொன்னார். சொன்ன விஷயத்தைவிட, என்னை நம்பிச் சொன்னாரே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கிற பெண் என்றால், முன்கூட்டியே தெரிந்தது உங்களுக்கு நல்லது.

கார்மேகம்

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், அந்த வில்லை இருக்கிறது, இரண்டு பக்கமும். டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அண்ணா, பட்டியலில் பைக்கை எந்த இடத்தில் வைப்பது? காற்றடிக்கும்போது கையை எடுக்காமல் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

பழைய சைக்கிள்

பைக்கை மேலே வை, அவசரமில்லை. முதலில் ஒரு பனியனைக் கழற்று, இரண்டாவது இருக்கட்டும். அது பழகிய பிறகு, ஆள் குறைவான சாலையில், காலையில் போய்ப் பார். ஆனால் இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும் தம்பி, அது உன் உயிர் சம்பந்தப்பட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுது.