விண்டோஸ் 11-ல் இன்னும் எதற்கு இரண்டு செட்டிங்ஸ்?

திண்ணைவாசி:
2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே புது செட்டிங்ஸ் ஆப் வந்துவிட்டது. சரி, பழைய கண்ட்ரோல் பேனலை மூட்டை கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் விண்டோஸ் 11-லும் இரண்டும் குடித்தனம் நடத்துகின்றன. சவுண்ட் செட்டிங்கில் நாலு கிளிக் உள்ளே போனால் பழைய பெட்டிதான் வந்து நிற்கிறது, அதுவும் டார்க் மோடில் பளீரென்று வெள்ளையாக! ஒன்றாக்க ஏன் இத்தனை வருடம்?

பிட்டும்பைட்டும்:
சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. கண்ட்ரோல் பேனலின் பல பகுதிகள் தனித்தனி சிபிஎல் கோப்புகள், அதாவது ஒரு வகை டிஎல்எல் (மற்ற மென்பொருள்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு). சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுகிற வெளியாரும் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கலாம், அதனால் பிடுங்கி எறிந்தால் யாருடைய மென்பொருள் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. கோப்பின் முழு முகவரியான பாதையின் நீளத்துக்கு 260 எழுத்து வரம்பு இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். 2016-ல் விண்டோஸ் 10-ல் தளர்த்தினார்கள், ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நாமே இயக்க வேண்டும், அப்புறம் அந்தந்த மென்பொருளும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாம்மாடி:
பழைய மென்பொருள் ஓட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தோற்றமும் பழசாகவே இருக்க வேண்டுமா? மென்பொருள்களைத் தரவுத்தளங்களோடு இணைக்கும் ஓடிபிசி அமைப்பில் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பைத் தேர்வு செய்யப் போங்கள், விண்டோஸ் 3.1 காலத்துக் கோப்புப் பெட்டி அப்படியே திறக்கும். அதற்கு வண்ணம் பூச யாருக்குமே நேரமில்லையா என்ன?

திண்ணைவாசி:
இப்போதுதான் திறந்து பார்த்தேன். மியூசியம்!