அர்பன் சீ: தாய்க்குதிரையும் அவள் வம்சமும் – பார்த்தவர்கள் எழுதுங்கள்

கில்டேர்வாசி:

குதிரை ரேஸ் பேச்சு வந்தாலே அப்பன் பெயர்தான் முதலில் வருகிறது. "கலிலியோ குட்டி", "ஃப்ராங்கல் குட்டி" என்று ஸ்டாலியனை, அதாவது பொலிகுதிரையை, வைத்தே குதிரையை மதிப்பிடுகிறோம். அந்தக் கலிலியோவைப் பெற்ற அர்பன் சீயைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. அதற்காகவே இந்த இழை. அர்பன் சீயையோ அவள் பிள்ளைகளையோ பேரன் பேத்திகளையோ எங்காவது பார்த்தவர்கள் எழுதுங்கள். டிவியில் பார்த்திருந்தாலும் சரி.

முதலில் என் பங்கு. நான் இருப்பது அயர்லாந்தில், கில்டேர் கவுண்டியில். பக்கத்தில் டல்லி என்ற இடத்தில் ஐரிஷ் நேஷனல் ஸ்டட் என்ற குதிரை வளர்ப்புப் பண்ணை இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம். வசந்த காலத்தில் போனால் புல்வெளி முழுக்கத் தாயும் குட்டியுமாகத்தான் தெரியும். அர்பன் சீ பல வருடம் வாழ்ந்தது இங்கேதான். 2006 ஏப்ரலில் மகன் சீ த ஸ்டார்ஸை ஈன்றதும் 2009 மார்ச்சில் இறந்ததும் இங்கேதான்.

இந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. 1900இல் வில்லியம் ஹால் வாக்கர் என்பவர் இந்தப் பண்ணையைத் தொடங்கினார். குட்டி பிறந்ததும் அதற்கு ஜாதகம் கணிப்பது அவர் வழக்கம். கட்டம் சரியில்லை என்றால் குட்டியை விற்றுவிடுவார். கிரகங்களின் ஒளி குதிரைமேல் விழ வேண்டும் என்று லாயத்தின் கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்துக் கட்டினார். அந்த லாயங்கள் இன்றும் நிற்கின்றன. நான் ஜாதகம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் நட்சத்திரத்துக்காகக் கூரை திறந்த ஒரு பண்ணையில் சீ த ஸ்டார்ஸ் பிறந்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பிறந்தது காங்கேயம் பக்கம், மாடுகளோடு வளர்ந்தவர். வழிகாட்டிப் பெண் ஒரு ஸ்டாலியனைக் காட்டி அதன் தகப்பன், தாத்தா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரி கண்ணு, இதோட ஆத்தா யாருன்னு கேளு. ஆத்தா வழி தெரியாம கன்னு புடிப்பாங்களா?" என்றார். அதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கு அவள் சொன்னதெல்லாம் அர்பன் சீ கதைதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்பன் சீ 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தாள். செந்நிறம். தகப்பன் மிஸ்வாகி, தாய் அல்லெக்ரெட்டா. ஹாங்காங்கைச் சேர்ந்த டேவிட் சுய் குடும்பம் வாங்க, பிரான்ஸில் ஜான் லெபோர்த் பயிற்சி கொடுத்தார். ஓடியது 24 பந்தயம், ஜெயித்தது 8. அந்த எட்டில் ஒன்று, 1993 அக்டோபர் 3இல் பாரிஸ் லோங்ஷாமில் நடந்த ஆர்க், ஐரோப்பாவின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்று. 23 குதிரைகள் ஓடிய அந்தப் பந்தயத்தில் அவளுக்குப் பந்தயக்காரர்கள் வைத்த விலை 37க்கு 1; ஜெயிப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எரிக் சாங் மார்த்தாங் ஓட்டினார். வைட் மசில் என்ற குதிரையைக் கழுத்து நீளத்தில் முந்தினாள். ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

பண்ணைக்கு வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். தலையீத்து அர்பன் ஓஷன், நல்ல குதிரை. அடுத்து மெலிக்கா, 2000இல் இங்கிலாந்தில் பெட்டைகளுக்கான எப்ஸம் ஓக்ஸ் பந்தயத்தில் மூன்றாவது. 1998இல் கலிலியோ. அவன் 2001இல் எப்ஸம் டெர்பி, ஐரிஷ் டெர்பி, கிங் ஜார்ஜ் ஆகிய மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தான். அடுத்த ஈற்றில் அவன் கூடப்பிறந்த பிளாக் சாம் பெல்லமி, இரண்டு குரூப் ஒன் (முதல் தரப் பந்தயம்) ஜெயித்தவன். பிறகு ஆல் டூ பியூட்டிஃபுல், ஓக்ஸில் இரண்டாவது. அதன் பிறகு மை டைஃபூன், பால் மறந்த கையோடு 18 லட்சம் கினிக்கு (பிரிட்டிஷ் குதிரை ஏலங்களின் பணக் கணக்கு) ஏலம் போனவள், அமெரிக்காவில் டயானா ஸ்டேக்ஸ் ஜெயித்தாள். 2006இல் சீ த ஸ்டார்ஸ். ஒரு வயிற்றில் இத்தனை என்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

லா சப்பல்:

வணக்கம் கில்டேர்வாசி. நான் பாரிசில இருக்கிறன். சீ த ஸ்டார்ஸ் ஆர்க் ஓடின நாள், 2009 ஒக்ரோபர் 4, நான் லோங்ஷாமில நிண்டனான். பந்தயம் பாக்கப் போனதில்லை. ஆர்க் நாளில சமையலுக்கும் பரிமாறவும் ஆக்கள் காணாது எண்டு கூப்பிடுவினம், அப்பிடிப் போன வேலை.

அந்த வருசம் எங்கட சனத்துக்கு எப்பிடிப்பட்ட வருசம் எண்டு இங்க நான் விளக்கத் தேவையில்லை. மே மாதத்துக்குப் பிறகு எதிலையும் மனம் ஒட்டாமல் இருந்த காலம். வேலைக்குப் போவன், வருவன், அவ்வளவுதான்.

எங்களோட நிண்ட பிரெஞ்சுக் குசினிக்காரர் ஒராள், வயசானவர், 1993இலையும் அங்க வேலை செய்தவராம். "இவன்ர தாய் வெண்டதை நான் பாத்தனான், அண்டைக்கு ஒருத்தருக்கும் அவளிலை நம்பிக்கை இல்லை" எண்டு காலமை தொடக்கம் சொல்லிக்கொண்டு நிண்டார். பந்தய நேரம் எங்கள் ரண்டு மூண்டு பேரை வெளியால கூட்டிக்கொண்டு போனார். ஏன் போனன் எண்டு எனக்கே தெரியாது.

துவக்கத்தில சீ த ஸ்டார்ஸ் அடங்கேல்லை. தலையைத் தூக்கித் தூக்கி இழுத்தவன். பிறகு உள்பக்கக் கம்பியோட மற்றக் குதிரையளுக்குள்ள மாட்டுப்பட்டுப் போனான். கடைசி நேர்ப் பாதைக்கு வரேக்கையும் முன்னால இடமில்லை. பக்கத்தில நிண்ட சனம் எல்லாம் முடிஞ்சுது எண்டே சொல்லிப்போட்டுது. மிக் கினேன் எண்ட ஜொக்கி அவசரப்படேல்லை. ஒரு சின்ன இடைவெளி வந்தது, அவன் அதுக்குள்ளால வந்திட்டான். யூம்சைன் ரண்டாவது, மூண்டு வருசம் அடுத்தடுத்து ரண்டாவதாகவே வந்த பாவப்பட்ட குதிரை அது.

குசினிக்காரர் அழுதுபோட்டார். தாயும் பிள்ளையும் ஒரே மண்ணில, பதினாறு வருச இடைவெளியில. தாய் அந்த வருசம் மார்ச்சிலயே செத்துப் போனதாக அவர் சொன்னாப் பிறகு நானும் அழுதன். அந்த வருசம் நான் வாய்விட்டு அழுதது அண்டைக்குத்தான். குதிரைக்காக அழுதனானோ வேற எதுக்காக அழுதனானோ, அது என்னோட இருக்கட்டும். அண்டையிலிருந்து ஒவ்வொரு ஒக்ரோபரும் ஆர்க் பாக்கிறன்.

இன்னுமொரு விசயம்: ஆர்க் வெண்ட தாய்க்கு ஆர்க் வெண்ட பிள்ளை எண்டது அர்பன் சீக்கு முதலே ஒருக்கா நடந்திருக்கு. 1980இல வெண்ட டெட்ரொய்ட், அவளின்ர மகன் கார்னகி 1994இல வெண்டவன்.

கிண்டி பழைய ஆள்:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கிண்டியில் ரேஸ் புக் கையில் வாங்கியதும் முதலில் தாய் பெயர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சைஸ், அதாவது குதிரைக்காரர். குதிரையோடு படுத்து எழுந்த மனிதர், எழுதப் படிக்கத் தெரியாது. "அப்பன் பேரு அம்பது குதிரைக்கு இருக்கும் சார், ஆயி பேரு இதுக்கு மட்டுந்தான்" என்பார். உண்மையும் அதுதான். தரோபிரெட் என்ற ரேஸ் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டல் கூடாது, நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒரே விதி. அப்படி இருந்தும் பெயர்பெற்ற ஸ்டாலியன் ஒரு சீசனில் நூறு நூற்றைம்பது பெட்டைகளைச் சேர்கிறது. தாய்க்கு வருடத்துக்கு ஒரு குட்டி. சினை நிற்காத வருடமும் உண்டு. அதனால்தான் ரேஸ் உலகத்தில் ஒரே தகப்பன் குட்டிகளை யாரும் அண்ணன் தம்பி என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வயிற்றில் பிறந்தால்தான் உறவு.

கில்டேர்வாசி, நீங்கள் அல்லெக்ரெட்டாவை ஒரு வரியில் தாண்டிப் போனது எனக்குக் குறை. அவள் வேர் ஜெர்மனியில், கொலோன் பக்கத்து ஷ்லெண்டர்ஹான் பண்ணையில். 1869இலிருந்து இருக்கிற பண்ணை. ஜெர்மானியர்கள் தாய் பெயரின் முதல் எழுத்திலேயே குட்டிக்கும் பெயர் வைப்பார்கள். அனாதெவ்கா மகள் அல்லெக்ரெட்டா, அவள் மகள் அல்லே லே த்ருவா என்று எழுத்தைப் பார்த்தே தாய்வழி சொல்லிவிடலாம். அல்லெக்ரெட்டா இங்கிலாந்தில் ஓடிப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அர்பன் சீயைப் பெற்றாள். பிறகு கிங்ஸ் பெஸ்ட், 2000இல் டூ தவுசண்ட் கினீஸ் என்ற பந்தயத்தை ஜெயித்தவன். அவன் மகன் வர்க்ஃபோர்ஸ் 2010இல் டெர்பியும் ஆர்க்கும் எடுத்தான். மகள் அல்லே லே த்ருவா வயிற்றில் அனபா புளூ, 2001இல் பிரெஞ்சு டெர்பி. அந்த வருடம் எப்ஸம் டெர்பி கலிலியோவுக்கு. இரண்டு நாட்டு டெர்பியும் ஒரே பாட்டியின் பேரன்களுக்குப் போன வருடம் அது. அர்பன் சீ ஜெயித்ததை அதிர்ஷ்டம் என்றவர்கள் இந்த வீட்டை விசாரிக்கவே இல்லை.

நாமக்கல் வெட்:

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஒரு ஸ்டட் ஃபார்மில் சில காலம் இருந்தேன். அர்பன் சீயைப் பார்த்ததில்லை. 2009இல் அவளுக்கு வயது 20. கடைசிக் குட்டி பார்ன் டு சீயை ஈன்றபின் உண்டான சிக்கலில் போனாள். அந்த வயதுத் தாய்க்குதிரை ஈனும் இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும், தாமதித்தால் குட்டி தங்காது. பல ஈற்றுக் கண்ட வயதான குதிரைக்குக் கருப்பை இரத்தக்குழாய் கிழிந்து உள்ளேயே இரத்தம் போகும் ஆபத்து அதிகம். வெளியில் ஒன்றும் தெரியாது. ஈறுகள் வெளுக்கும், வியர்க்கும், நாடி ஓடும். நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நாங்கள் ஒரு தாயை அப்படி இழந்தோம். குட்டி எழுந்து நின்று மடியைத் தேடியது.

அப்புறம் குட்டியைக் காப்பாற்றுவது தனி ஓட்டம். குதிரைக்குட்டிக்குக் கருவில் இருக்கும்போது நோய் எதிர்ப்பு கிடைப்பதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். முதல் சில மணி நேரத்துக்குள் அது வயிற்றுக்குள் போயாக வேண்டும். அதற்காகவே நல்ல பண்ணைகள் சீம்பாலை உறையவைத்து வைத்திருக்கும், பிறகு பாலூட்ட வேறொரு தாயைத் தேடும். பார்ன் டு சீ 2012 ஐரிஷ் டெர்பியில் கேமலட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தான் என்று படித்தபோது, அந்த மார்ச் மாதத்தில் அவனைத் தேற்றியவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் பெயர் எந்த ரேஸ் புக்கிலும் வராது.

கில்டேர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கிண்டி ஐயா, அல்லெக்ரெட்டாவுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். லா சப்பல் அண்ணா, நீங்கள் சொன்ன மிக் கினேன்தான் 2001இல் கலிலியோவையும் டெர்பியில் ஓட்டினார். ஒரே ஜாக்கி, ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள், இரண்டு டெர்பி. சீ த ஸ்டார்ஸ் அந்த 2009இல் மே முதல் அக்டோபர் வரை மாதம் ஒன்றாக ஆறு குரூப் ஒன் எடுத்தான். முதலாவது, தாய் போன இரண்டு மாதத்தில்.

கலிலியோ பற்றிச் சொல்லாமல் முடியாது. இங்கிலாந்து, அயர்லாந்தில் 12 முறை சாம்பியன் ஸ்டாலியன் (பிள்ளைகள் ஜெயித்த பரிசுப் பணத்தில் முதலிடம்), அதில் 2010 முதல் 2020 வரை விடாமல். அவன் மகன் ஃப்ராங்கல் 14 பந்தயம் ஓடி 14ஐயும் ஜெயித்தான். 2016 ஆர்க்கில் முதல் மூன்றும் கலிலியோ பிள்ளைகள். 2021 ஜூலையில் டிப்பரேரியின் கூல்மோர் பண்ணையில் இறந்தான்.

ஆனால் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது பெண்பிள்ளைகள் வழி. செர்ரி ஹின்டன் என்று அர்பன் சீக்கு ஒரு மகள். பந்தயத்தில் ஒன்றுகூட ஜெயிக்காதவள். அவள் மகள் பிரேஸ்லெட் 2014 ஐரிஷ் ஓக்ஸ் எடுத்தாள், இன்னொரு மகள் அதீனா 2018இல் அமெரிக்காவில் பெல்மான்ட் ஓக்ஸ். 2018 டெர்பி ஜெயித்த மசாரை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பன் நியூ அப்ரோச், கலிலியோ மகன். தாய்வழியில் போனால் கவ்லா, வில்லரிக்கா, அதற்கு மேலே மெலிக்கா. இரண்டு பக்கமும் ஏறிப் போனால் அர்பன் சீயிடமே வந்து நிற்கும்.

அந்த 2018 முதல் 2025 வரை எப்ஸம் டெர்பி ஜெயித்த ஒவ்வொரு குதிரையின் வம்சாவளியிலும் அவள் இருக்கிறாள். மசார், அந்தோணி வான் டைக், செர்பென்டைன், அடையார், டெசர்ட் கிரவுன், ஆகஸ்ட் ரோடின், சிட்டி ஆஃப் ட்ராய், லாம்போர்ன். இதில் ஆகஸ்ட் ரோடினின் தகப்பன் ஜப்பான்காரன் டீப் இம்பாக்ட், சிட்டி ஆஃப் ட்ராயின் தகப்பன் அமெரிக்காவின் ஜஸ்டிஃபை. இரண்டு பேரின் தாய்களும் கலிலியோ மகள்கள்.

சீ த ஸ்டார்ஸ் இருப்பது இதே கில்டேரில், கில்ட்டவுன் ஸ்டட்டில். அவன் மகன் ஸ்ட்ராடிவேரியஸ் ராயல் ஆஸ்காட்டில் கோல்டு கப்பை 2018, 2019, 2020 என்று மூன்று முறை எடுத்ததைப் பார்த்தவர்கள் லண்டன் பக்கம் யாராவது இருந்தால், அடுத்து நீங்கள் எழுதுங்கள்.