பிரிட்ஜ் பிக்கப் மாற்ற வேண்டும்: ஜேபியா, 59ஆ, சூப்பர் டிஸ்டார்ஷனா?

ஆறுகம்பி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது லெஸ் பால் வடிவத்தில் இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த நடுத்தர விலை கிடார். கழுத்து, ஃப்ரெட் எல்லாம் எனக்குப் பிடித்த மாதிரி இருப்பதால் கிடாரையே மாற்றும் எண்ணம் இல்லை, பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் முடியும் இடத்தில் இருக்கும் பிக்கப் மட்டும்தான் தொல்லை. கிளீனில் (டிஸ்டார்ஷன் இல்லாமல்) வாசித்தால் உயிரே இல்லை. டிஸ்டார்ஷன் போட்டால் கீழ்க்கம்பிகள் (தடித்த கம்பிகள்) கொழகொழவென்று ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, பவர் கார்டு தவிர வேறு எந்தக் கார்டு பிடித்தாலும் உள்ளே இருக்கும் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்பதில்லை. பழைய ஹார்ட் ராக்தான் அதிகம் வாசிப்பேன், மேடையில் சினிமாப் பாட்டுகளுக்கும் இதே கிடார்தான். சாதாரண ட்யூனிங், எப்போதாவது டிராப் டி (தடித்த ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது).

மூன்று பெயர்களில் வந்து நிற்கிறேன்: சீமோர் டங்கன் ஜேபி, அதே கம்பெனியின் 59, டிமார்ஜியோ சூப்பர் டிஸ்டார்ஷன். ஜேபி 16 கிலோ ஓமுக்கு மேல், சூப்பர் டிஸ்டார்ஷன் 14க்குக் கொஞ்சம் கீழே, 59 எட்டுக்குச் சற்று மேல். எண் கூடினால் பலம் கூடும் என்கிறார்கள். அப்படியானால் ஜேபியை வாங்கிவிடலாமா?

ஈயப்பற்று:
அந்த எண்ணை வைத்து மட்டும் வாங்காதீர்கள். கிலோ ஓம் என்பது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். பழைய பாணி ஹம்பக்கர்கள் 42 கேஜ் கம்பியில் சுற்றப்படுபவை, 59ம் அப்படித்தான். ஜேபியில் இருப்பது 44 கேஜ், அதைவிட மெல்லியது. கம்பி மெலிந்தால் அதே நீளத்துக்குத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். ஜேபியில் உள்ள அதே நீளத்தை 42 கேஜில் சுற்றினால் மீட்டர் 10 கிலோ ஓம் பக்கத்தில்தான் காட்டும். ஜேபி 59ஐ விடச் சூடான, அதாவது பலமான சிக்னல் தரும் பிக்கப் என்பது உண்மை, ஆனால் எண்ணைப் பார்த்து நினைப்பது போல இரண்டு மடங்கெல்லாம் கிடையாது. இன்னொன்று, செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும். குளிர் அறையில் 8.0 காட்டும் பிக்கப், நம் ஊர் வெயிலில் 35 டிகிரியில் 8.4க்கு மேல் காட்டும். தசம புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணுக்காகச் சண்டை போடுவது வீண்.

ஒப்பிட வேண்டும் என்றால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல்) எவ்வளவு என்று பாருங்கள், அது ஹென்றியில் இருக்கும். 59 வகையறா நான்கு, ஐந்து ஹென்றி, ஜேபி எட்டை ஒட்டி. இந்த இண்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கபாசிட்டன்ஸும் (மின்தேக்கத் திறன்) சேர்ந்துதான் ஒலி எந்த இடத்தில் தூக்கலாக இருக்கும், அதற்கு மேல் எங்கே வெட்டுப்படும் என்று தீர்மானிக்கின்றன. ஆறு மீட்டர் கேபிள், மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நாலரை ஹென்றி பிக்கப்புக்கு அந்தத் தூக்கல் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும், எட்டு ஹென்றிக்கு 2.3 அருகே இறங்கிவிடும். ஜேபியில் நடு அலைவரிசை முன்னால் வந்து நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம். கேபிளைப் பாதியாகக் குறைத்தாலே எந்தப் பிக்கப்பும் கொஞ்சம் கண்ணைத் திறக்கும், அதை முதலில் முயன்று பாருங்கள்.

மேடைப்பக்கம்:
நான் சொல்வது இன்னும் மலிவான வழி. பிக்கப்பை வாங்கும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் தலைக்கும் இடைவெளி அளந்து பாருங்கள், அப்புறம் முதல் கம்பிக்கும் அதே மாதிரி. கிப்ஸன் சொல்லும் அளவு பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர், நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்பில் 2.4. இதைவிட நெருக்கமாக இருந்தால் கீழ்க்கம்பிகள் உறுமி, மேலே உள்ளதை எல்லாம் மூடிவிடும். தடித்த கம்பிகளின் பக்கத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் இறக்குங்கள், மெல்லிய பக்கத்தை அப்படியே விடுங்கள். அது போதாவிட்டால் மெல்லிய மூன்று கம்பிகளுக்கு நேரே இருக்கும் திருகுகளைக் கால் திருப்பு ஏற்றுங்கள்.

அப்புறம் வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) எவ்வளவு என்று பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம்தான் வழக்கம், 250 சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்). பாட் சிறியதாக இருந்தால் உச்ச ஒலிகள் தரைக்கு (கிரவுண்டுக்கு) போய்விடும், பழியைப் பிக்கப் சுமக்கும்.

ஆறுகம்பி:
இருவருக்கும் நன்றி. இன்று திறந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, மிக நெருக்கம். இறக்கியதும் டிஸ்டார்ஷனில் கலங்கல் நன்றாகவே குறைந்தது. பிரிட்ஜ் வால்யூம் பாட்டின் ஒயரைக் கழற்றி அளந்தால் 300க்குக் கீழே. ரிச்சி தெருவில் 500 கிலோ ஓம் பாட் இரண்டு வாங்கப் போகிறேன். ஆனால் கிளீன் இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது, அதனால் பிக்கப் ஆசை போகவில்லை. ஆம்பில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தாராளமாக இருக்கிறது, பாதிக்கு மேல் வைத்ததே இல்லை.

மேடைப்பக்கம்:
இந்தக் கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. சூப்பர் டிஸ்டார்ஷன் 1970களின் தொடக்கத்தில் வந்தபோது ஆம்புகளில் கெயின் குறைவு, மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்பைக் கரகரக்க வைக்க கிடாரிலிருந்தே வேகமாகத் தள்ள வேண்டியிருந்தது. செராமிக் காந்தம், நிறையச் சுற்று என்பதெல்லாம் அந்தத் தேவைக்குப் பிறந்தவை. உங்கள் ஆம்பில் அந்தத் தேவையே இல்லை. சூடான பிக்கப் போட்டால் ஆம்பில் கெயினைக் குறைக்கப் போகிறீர்கள், கிடைப்பது என்ன? நீங்கள் கேட்பது கார்டுக்குள் ஸ்வரம் பிரிந்து கேட்க வேண்டும் என்பது. அதற்கு 59தான் என் தேர்வு. கிப்ஸனில் சேத் லவர் வடிவமைத்து, 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957ல் கிடார்களில் ஏறிய அந்தப் பழைய பிஏஎஃப் (‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’) பாணியைப் பின்பற்றியது இது. வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகும், ஏற்றினால் கரகரக்கும். மேடையில் ஒரே கிடாரை வைத்துப் பல விதமான பாட்டுகள் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஈயப்பற்று:
முக்கால்வாசி ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கீபோர்டு, இன்னொரு கிடார், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த குழுவில் சோலோ வெட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்றால் ஜேபி அதைச் செய்யும், 59ல் அதற்கு ஒரு பூஸ்ட் பெடல் வேண்டியிருக்கும். ஜேபியின் குறை, இயல்பிலேயே கூர்மையாக ஒலிக்கும் கிடாரில் அதன் மேல்நடு காதைக் குத்தும், அதற்காகவே சிலர் 250 பாட் போடுகிறார்கள். உங்கள் கிடார் தடித்த உடம்பு, மந்தமான ஒலி, அதனால் அந்தப் பயம் குறைவு. இரண்டில் எது என்பது உங்கள் குழுவில் எத்தனை பேர் அதே நடு அலைவரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆறுகம்பி:
ஒரே கிடார், கீபோர்டுகூட இல்லை. பூஸ்ட் பெடல் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் 59. பழைய நெக் பிக்கப்பை அப்படியே விடலாமா?

ஈயப்பற்று:
விடலாம், ஒரு பிரச்சினையைத் தவிர: இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் ஃபேஸ் (சிக்னல் அலையின் திசை) எதிரெதிராக வர வாய்ப்புண்டு. நடு நிலையில் இரண்டும் சேரும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல் ஆகிவிடும். சால்டர் செய்யும் முன்பே சோதிக்கலாம். முள் வைத்த பழைய மீட்டரை வோல்ட்டின் மிகக் குறைந்த அளவில் வைத்து பிக்கப்பின் இரண்டு முனையிலும் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் திருகுகள் மேல் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். இரண்டு பிக்கப்புக்கும் முள் ஒரே பக்கம் ஆடினால் சரி. எதிர்ப்பக்கம் ஆடினால் 59ன் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் போதும். அதனால்தான் நான்கு ஒயர் உள்ளதையே கேட்டு வாங்குங்கள், ஒற்றை ஒயரும் உலோகப் பின்னலும் உள்ளதில் இது நடக்காது.

டங்கனின் நிறங்கள்: கறுப்பு வால்யூம் பாட்டுக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும், பச்சையும் உறையில்லாத ஒயரும் தரைக்கு. கறுப்பையும் பச்சையையும் மாற்றினாலும் உறையில்லாதது தரையில்தான் இருக்க வேண்டும். டிமார்ஜியோவின் படத்தைப் பார்த்து இதை இணைக்காதீர்கள், அங்கே சிவப்புதான் பாட்டுக்குப் போகும், கறுப்பும் வெள்ளையும் சேரும்.

மேடைப்பக்கம்:
ஆர்டர் போடும் முன் பிரிட்ஜ் பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் அருகே வந்தால் சாதாரண 59, 52, 53 என்று வந்தால் டங்கனில் ட்ரெம்பக்கர் என்ற பெயரில் வரும் அகலமானது. லெஸ் பால் வடிவத்தில் பெரும்பாலும் முதலாவதுதான்.