புதுப்பிப்பு: ஸ்க்ரோல் விண்டோவுக்குள் பல சார்ட்டுகள் (தீர்ந்தது)

காசிமேட்டு மீன் குளிர் அறைகளின் வெப்பநிலை சார்ட்டுகள் பைக்யூட்டி (பைதானில் விண்டோ உருவாக்கும் லைப்ரரி) விண்டோவில் பட்டையாக நசுங்கிவிடுகின்றன, ஸ்க்ரோல்பாரே வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒவ்வொரு மேட்பிளாட்லிப் கேன்வாஸுக்கும் (சார்ட் வரையப்படும் பரப்பு) செட்மினிமம்ஹைட், அதாவது குறைந்தபட்ச உயரம், கொடுக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. 300 பிக்சல் வைத்தேன். ஸ்க்ரோல் ஏரியாவின் செட்விட்ஜெட்ரீசைசபிள் (உள்ளே இருப்பதன் அளவை மாற்ற விடும் அமைப்பு) ட்ரூவாகவே இருக்கட்டும், அகலம் விண்டோவோடு சேர்ந்து விரியும்.

அப்புறம் எதிர்பாராத ஒன்று. மவுஸ் சார்ட்டின் மேல் இருக்கும்போது வீலை எவ்வளவு உருட்டினாலும் நகரவில்லை. ஓரத்து வெற்றிடத்தில் வைத்தால்தான் நகர்ந்தது. கேன்வாஸே அந்த வீல் ஈவென்ட்டை (உருட்டியதைச் சொல்லும் செய்தி) விழுங்கிவிடுகிறது. அதன் வீல்ஈவென்ட் ஃபங்ஷனை மாற்றி எழுதி, உள்ளே இக்னோர் மட்டும் அழைத்து ஈவென்ட்டை ஸ்க்ரோல் ஏரியாவுக்கே விட்டதும் சரியாகிவிட்டது. வீலால் ஜூம் செய்கிறவர்களுக்கு அது போய்விடும். இந்தச் சார்ட்டுகளைப் பார்க்கப்போகும் ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு ஜூமெல்லாம் வேண்டாம், ராத்திரியில் எந்த அறையில் சூடு ஏறுகிறது என்று தெரிந்தால் போதுமாம்.