பள்ளியில் பிட்ஸ் வந்தப்போ கையில் சாவி, வாயில் தண்ணீர்: நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது? (கடலூர்)

கெடிலக்கரை:
பையனுக்கு 9 வயசு, 25 கிலோ, நாலாம் வகுப்பு. கடலூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன புதன்கிழமை பிரேயரில் பிட்ஸ் வந்திருக்கிறது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, கைகாலை அமுக்கிப் பிடித்து, வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். 108-ஐ கூப்பிடவில்லை. எங்களுக்குப் போன் வந்தது 25 நிமிஷம் கழித்து. இப்போது நன்றாக இருக்கிறான். கேட்டால் "எங்களால் ஆனதைச் செய்தோம்" என்கிறார்கள். ரொம்பப் பேசினால் டிசி கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டில் பயம். என்ன எழுதுவது, யாரிடம் போவது?

முந்திரிக்காடு:
முதலில் கேமரா. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். "புதன்கிழமை காலை பிரேயர் மைதானப் பதிவை அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்று இந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கே மெயிலில் அனுப்புங்கள். பெரிய கடிதம் இரண்டு நாள் கழித்துப் போகட்டும்.

அதில் "அலட்சியம்", "உயிரோடு விளையாடினார்கள்" மாதிரி வார்த்தைகள் வேண்டாம். அதைப் படித்ததும் அவர்கள் வக்கீலைத்தான் தேடுவார்கள். நேரத்தைக் கேளுங்கள். பிட்ஸ் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, யார் பக்கத்தில் இருந்தது, எங்களுக்குப் போன் போக ஏன் 25 நிமிஷம் ஆனது, 108 வேண்டாம் என்று யார் முடிவெடுத்தது. அஞ்சு கேள்வி, பதிலுக்கு ஏழு நாள். நகலில் சீல், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அக்னாலெட்ஜ்மெண்டோடு ஸ்பீடு போஸ்ட்.

"வீட்டில் மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?" என்று உங்கள் பக்கமே திருப்புவார்கள், அனேகமாக இதுதான் முதல் பதிலாக வரும். மருந்துக்கடை பில்லும் பாக்கி மாத்திரை அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்.

வார்டு நர்ஸ்:
சாவி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியே எழுதுங்கள். கேலி செய்தால் காது கொடுக்க மாட்டார்கள். பெரும்பாலான பிட்ஸ் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். அதற்குள் சாவி கைக்கு வந்திருக்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். மூடிய விரலைப் பிரித்துத் திணிப்பதில் காயம் படும். அதைவிட மோசம், எல்லோரும் சாவி தேடுகிற நேரத்தில் ஒருத்தரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்தான் உண்மையான ஆபத்து: அந்த நேரத்தில் விழுங்க முடியாது, நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டை, ஐடி கார்டு கயிறு, கண்ணாடியைக் கழற்றணும். தலைக்கடியில் புத்தகப்பையோ மடித்த துணியோ. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும். அமுக்கிப் பிடிக்கக்கூடாது, பல்லுக்கு நடுவில் எதையும் வைக்கக்கூடாது. 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, நின்ற பிறகும் மூச்சு சரியில்லை என்றாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108.

பிட்ஸை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயைப் பள்ளியில் வைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சரி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. 25 கிலோவுக்கு 5 மி.கி. ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலில் அது 10 அழுத்தல், 1.25 மி.கி. வரும் பாட்டிலில் 4. கடையில் பிராண்டு மாறி, சீட்டு பழையதாகவே இருந்தால் பத்துத் தடவை அடித்து 12.5 மி.கி. உள்ளே போய்விடும், மூச்சு அடங்கும். டாக்டர் எழுத்தில் பாட்டிலின் வீரியமும் அழுத்தல் எண்ணிக்கையும் சேர்ந்தே இருக்கணும். புது பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அழுத்தி, புகை மாதிரி வருகிறதா பார்த்துக்கொள்ளணும்.

சாக்பீஸ்:
பள்ளிக்குள் இருந்து சொல்கிறேன். டீச்சருக்கு மருந்து கொடுக்கப் பயம். ஏதாவது ஆனால் யார் தலையில் விடியும் என்பதுதான் காரணம். டாக்டர் கடிதம், பெற்றோர் சம்மதக் கடிதம், ஒரு பக்கச் செயல்முறைத் தாள், மூன்றும் சேர்ந்து வந்தால் பாதிப் பயம் போகும். தாளில் போட்டோ, எடை, அவனுக்கு பிட்ஸ் எப்படி ஆரம்பிக்கும், எந்த நிமிஷத்தில் என்ன செய்யணும், இரண்டு போன் நம்பர். லேமினேட் செய்து வகுப்பு, ஆபீஸ், பிடி சார் அறை மூன்றிலும். ஸ்ப்ரே எங்கே இருக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கும், சாவி கிளார்க்கிடம் இருக்கும், கிளார்க் பேங்குக்குப் போயிருப்பார். பயிற்சி என்று கேட்டால் ஆயாம்மாவையும் வேன் டிரைவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எடை ஏறும், அதனால் ஒவ்வொரு ஜூனிலும் புதுத் தாள்.

கடற்கரைச் சாலை:
இதெல்லாம் எதற்கு, நேராக கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள்.

முந்திரிக்காடு:
திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த மனுவும் கடைசியில் கல்வி அலுவலருக்குத்தான் போகும், அவர் கேட்கும் முதல் கேள்வி "பள்ளிக்கு எழுதிக் கொடுத்தீர்களா?" ஏழு நாளில் பதில் இல்லையென்றால் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர். வழி கேட்க கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைக்கே தொல்லை கொடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

டிசி பற்றி: 2009 கல்வி உரிமைச் சட்டம் 16-வது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை குழந்தையை வெளியேற்றக் கூடாது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அந்தச் சட்டம் பொருந்தாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். "நீங்களே டிசி கேட்டு எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். எழுதிவிடாதீர்கள்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மெயில் அனுப்பிவிட்டேன். வேனிலும் ஒரு தாளும் ஸ்ப்ரேயும் வைக்கச் சொல்லலாமா?

வார்டு நர்ஸ்:
தாள் வைக்கலாம். ஸ்ப்ரே வேண்டாம், வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் மருந்து கெட்டுவிடும். காலையும் மாலையும் ஆயாம்மா கைப்பையில் வந்து போகட்டும்.