கதவு ஸ்பீக்கரின் ‘சரவுண்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய கையேடு ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கானது. பிக்கப் வண்டியில் கம்பெனி மாட்டித் தந்த கதவு ஸ்பீக்கர் நைந்துபோனால் கழற்றி வேறு மாட்டுவது எப்படி என்று அதில் ஒரு பாடம். கோனுக்குக் கூம்பு, காயிலுக்குச் சுருள், மேக்னெட்டுக்குக் காந்தம் என்று எல்லாம் ஓடிவிட்டது. கூம்பின் வெளி ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது முன்னும் பின்னும் போய்வர இடம் கொடுக்கிற மெத்தென்ற வளையம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் சரவுண்ட் என்பார்கள், அதற்குத்தான் சொல் வேண்டும். பாதிப் பாடம் அதைப் பற்றியது, ஏனென்றால் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுதான். ‘சூழ்விளிம்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. பாடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இலக்கணி எழுதியது:

ஐயா, விளிம்பு என்றாலே சூழ்ந்திருப்பதுதானே? நீங்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறீர்கள், பொருளைப் பார்த்து வைக்கவில்லை. பொருள் என்ன? அரைவட்டமாக மடிந்து நெளிகிற ஓரம். ‘நெளிகரை’ என்று வையுங்கள். நெளிந்த கரை, நெளிகிற கரை, நெளியும் கரை என்று மூன்று காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘க்’ வராது. அச்சகத்தில் யாராவது நெளிக்கரை என்று ‘திருத்தினால்’ விடாதீர்கள்.

வேட்டிக்குக் கரை உண்டு, ஆற்றுக்குக் கரை உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலப்பக்க முகத்தை, பாருங்கள். அங்கே தோல் தட்டுகளுக்கு உள்கரைத்தட்டு, கொட்டுத்தட்டு, வெட்டுத்தட்டு என்று பேர். அதிர்ந்து ஒலிக்கிற ஒன்றின் பாகத்துக்குக் கரை என்ற சொல்லை நம் தொழிலாளர்கள் எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காகம் கரைகிறது என்கிறோம், அந்தக் கரைதலுக்கு ஒலித்தல், அழைத்தல் என்று பொருள். ஓரமான கரைக்கும் ஒலியான கரைக்கும் வேர் ஒன்றுதானா என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். அது ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பட்டறைக்காரன் எழுதியது:

இலக்கணி ஐயா, கரை என்றால் என் பட்டறையில் கரைந்துபோவதுதான். இந்த உறுப்புக்கு வருகிற நோயே அது. பழைய ஸ்பீக்கரில் இருப்பது பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கிற ஈரமும் கதவுக்குள் ஏறுகிற சூடும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதை அரித்துவிடும். கதவு அட்டையைக் கழற்றி விரல் வைத்தால் கருப்பாகப் பிசுபிசுவென்று கையோடு வரும். அப்புறம் கூம்புக்குப் பிடிப்புப் போய், சுருள் காந்தத்தில் உரசிக் கரகரவென்று கேட்கும். ‘கரை கரைந்துவிட்டது’ என்று புத்தகத்தில் போட்டால் படிக்கிற பையன் என்ன செய்வான்? நாங்கள் ‘ரிங் போச்சு’, ‘ஃபோம் போச்சு’ என்போம். ரிங் என்றே எழுதிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ‘நுரைவளையம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போது வாங்குகிற ஆறரை அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் ரப்பர்தான், சிலதில் துணி. பொருள் மாறினாலும் பேர் நிற்க வேண்டும்.

பாடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேருங்கள். பல வண்டிகளில் ஸ்பீக்கரைத் திருகாணியில் மாட்டாமல் ரிவெட் அடித்திருப்பார்கள். அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும், நெம்பினால் தகடு கோணிவிடும். துளைபோட்ட தூளைத் துடைக்காமல் விட்டால் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

யாழ்வாசி எழுதியது:

எங்கள் பக்கம் பிக்கப்பைக் கெப் என்போம், செய்தித்தாளிலும் ‘கெப் வாகனம்’தான். ரப்பரை றப்பர் என்று எழுதுவோம். சொல்ல வந்ததும் அந்த எழுத்தைப் பற்றித்தான். கரை என்று வகுப்பில் வாயால் சொன்னால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலருக்குக் கறை என்றும் கேட்கும். எங்களுக்கு ரகரமும் றகரமும் வேறுவேறாக ஒலிப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் புத்தகம் உங்கள் பிள்ளைகளுக்கு. ‘மடிவிளிம்பு’ சரிவருமா பாருங்கள்.

அதைவிடப் பெரிய குறை பாடத் தலைப்பில் இருக்கிறது. ஒலிபெருக்கி என்று போட்டிருக்கிறீர்கள். பெருக்குகிற வேலை ஆம்ப்ளிஃபையருடையது, ஸ்பீக்கர் மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது. 1925இல் ரைஸ், கெல்லாக் இருவரும் வெளியிட்ட அமைப்பில், காந்தத்துக்குள் சுருள் அசைய அதோடு ஒட்டிய கூம்பு அசைகிறது. இன்றும் கதவுக்குள் இருப்பது அதே ஏற்பாடுதான். தனியாக ஆம்ப்ளிஃபையரும் மாட்டுகிற ஆள் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வான்? ஸ்பீக்கரை ‘ஒலிப்பான்’ ஆக்கிவிடலாம்.

இலக்கணி எழுதியது:

யாழ்வாசி அண்ணா, வண்டிப் புத்தகத்தில் ஒலிப்பான் என்றால் ஹாரன். காற்றொலிப்பான் என்று ஏர் ஹாரனுக்கு எழுதி நிலைத்துவிட்டது. ஒலிபெருக்கி பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்யாண வீட்டு மரத்தில் கட்டிய குழாய் முதல் எல்லாவற்றுக்கும் பழகிப்போன சொல்லை ஒரு கையேட்டால் பிடுங்க முடியாது. மடிவிளிம்பில் மடி என்பது வேட்டி மடிப்பா, அம்மா மடியா, சோம்பலா? மூன்று பொருள் நிற்கிறது. கரையை விட இது மோசம்.

சேலம் ஆசிரியை எழுதியது:

நான் இதை வகுப்பில் நடத்துகிறவள். பழைய கதவு ஸ்பீக்கர் ஒன்றை மேசைமேல் வைத்து, ஒன்றரை வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வயரை அதன் முனைகளில் ஒரு நொடி தொட வைத்தேன். கூம்பு வெளியே தள்ளியது. வயரை மாற்றித் தொட்டதும் உள்ளே போனது. கூட்டல் முனை எது என்று இப்படித்தான் சொல்லித் தருகிறேன், ஒரு கதவில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கீழ்ச்சுருதி செத்துப்போகும். அப்போது அந்த ஓரம் நெளிந்ததைக் காட்டி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். கரை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓரம் என்றார்கள், விளிம்பு என்றார்கள். இலக்கணி ஐயாவின் நெளியையும் பிள்ளைகளின் விளிம்பையும் சேர்த்து ‘நெளிவிளிம்பு’ என்றால் என்ன? வினைத்தொகையும் ஆச்சு, வல்லினம் மிகுமா மிகாதா என்ற வழக்கும் இல்லை.

கோவை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். நெளிவிளிம்பு என்றே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘பட்டறையில் ரிங் என்பார்கள்’ என்று ஒரு வரி. தலைப்பில் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் என்றே போடுகிறேன். ரிவெட் குறிப்பும் சேர்ந்துவிட்டது.

இலக்கணி எழுதியது:

இந்தப் பதிப்புக்குச் சரி. ஆனால் கலைச்சொல் பட்டியலில் நெளிகரையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. மிருதங்கத் தொழிலாளியின் சொல்லை நாமே தள்ளிவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்? வேர் பற்றிய மடல் வரும்.

பட்டறைக்காரன் எழுதியது:

சரி, நெளிவிளிம்பு என் வாயிலும் வந்துவிடும் போலிருக்கிறது. கூம்புக்குப் பின்னால் சுருளை நடுவில் நிறுத்துகிற மஞ்சள் துணி வளையத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ஸ்பைடர் என்பதைச் சிலந்தி என்று எழுதியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அதைக் கால் காலாக வெட்டிச் செய்ததால் வந்த பேர் அது. இப்போது இருப்பதில் காலே கிடையாது.